சாம்பல் நிறக் கோட்டில் ஒரு தங்கை

பாலத்துச் சாவடியில் நின்ற காவலர் புதிதாக வேலைக்கு வந்தவர். இரண்டு பெண்களின் அடையாளச் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, நிழலில் கிடந்த பெஞ்சைக் காட்டி, "அம்மாவ அங்க உக்கார வைங்க. வெயில்ல நிக்க வைக்காதீங்க" என்று பெரியவளிடம் சொன்னார்.

சின்னவள் சிரித்துவிட்டாள். வாயில் முன்பக்கம் பாதிப் பற்கள் இல்லாத சிரிப்பு. "அம்மா இல்ல தம்பி, நான் தங்கச்சி. இவங்கதான் எனக்கு மூத்தவங்க" என்றாள்.

காவலர் சீட்டுகளை மறுபடி பார்த்தார். பிறந்த வருடங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார். சின்னவள் அதைச் சொல்லிச் சொல்லி வழியெல்லாம் சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர். இப்படிப் பிரிந்த கதை பெரியதொன்றும் இல்லை. அவர்கள் பிறந்தது ஆற்றின் அந்தக் கரை நாட்டில். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு வயது இருக்கும்போது, மூன்றாவது பிரசவத்தில் அம்மா இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. இந்தக் கரை நாட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்த தாய்மாமா வந்து துக்கத்தில் நின்றார். திரும்பும்போது, ஒரு பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்றார். அவர் வீட்டில் இன்னொரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது. அப்பா யோசித்தார். "பெரியவ போகட்டும். சின்னவ என்னை விட்டு இருக்க மாட்டா" என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. அன்று சின்னவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதுதான் காரணம்.

மாமா வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்தது. கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு. பெரியவள் பள்ளிப் படிப்பை முடித்தாள், நர்ஸ் படிப்பும் முடித்தாள். ஆற்றங்கரை நகரத்து அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் வேலை கிடைத்தது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஒரே மகன். அவன் படித்துத் தூரத்து நகரத்துக்குப் போய்விட்டான். கணவர் நெஞ்சுவலியில் போன பிறகு வார்டுதான் அவளுக்கு வீடு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பெரிய சிஸ்டர். டாக்டர்களே கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள்.

சின்னவள் மூன்றாம் வகுப்போடு நின்றாள். பள்ளிக்கூடம் தூரம், வீட்டில் சமைக்க ஆள் இல்லை. பதினாறு வயதில் கல்யாணம். புருஷன் செங்கல் சூளையில் வேலை செய்பவர், நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். ஆறு முறை கர்ப்பமானாள். மிஞ்சியது இரண்டு பேர். மூத்தவன் பிழைப்புத் தேடிப் போனவன் எப்போதாவது போன் பண்ணுவான். கடைசிப் பெண் பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள், அவள் புருஷனுக்கு வெளியூரில் வேலை.

பாலம் கட்டி முடித்த பிறகு அக்கா தங்கை போக்குவரத்து அதிகமானது. பெரியவள் போகும்போதெல்லாம் இரண்டு பை நிறையச் சாமான் கொண்டு போவாள். சத்து மாத்திரை, சோப்பு, போர்வை. போன வேகத்தில் வீட்டைச் சுற்றிக் கண்ணால் துழாவுவாள். "குடிக்கற தண்ணிய காய்ச்சறியா? எங்க ஊர்ல இப்பல்லாம் யாரும் இப்படி அடுப்புப் புகையில உக்காந்து சமைக்கறதில்ல" என்பாள். எங்க ஊர்ல, எங்க ஊர்ல என்று அவள் வாய்க்கு வாய் சொல்வது அவளுக்கே தெரியாது. சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அக்கா போன பிறகு வீட்டை ஒருமுறை பெருக்குவாள்.

அந்த வருடம் ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். தலைநகரத்திலிருந்து சுகாதாரத் துறை அதிகாரி வந்திருந்தார். மனித மேம்பாட்டு அறிக்கை வெளியாகியிருந்தது. எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை வருடம் படிக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை வைத்து ஒவ்வொரு நாட்டையும் அளந்து, சுற்றியுள்ள வட்டாரம் முழுவதன் சராசரியோடு பக்கத்தில் நிறுத்திக் காட்டும் அறிக்கை. திரையில் இரண்டு கோடுகள் ஏறின. மேலே போன நீலக் கோடு இந்த நாடு. கீழே தவழ்ந்து வந்த சாம்பல் நிறக் கோடு வட்டாரம்.

"பக்கத்து வீட்டுக்காரன் குள்ளமா இருக்கறதால நாம உயரமாத் தெரியறோம்னு சில பேர் சொல்றாங்க. இல்லவே இல்ல. நாம நெஜமாவே வளந்திருக்கோம்!" என்றார் அதிகாரி. கூடம் சிரித்தது, கை தட்டியது.

பெரியவளும் தட்டினாள். மனதாரத்தான் தட்டினாள். அந்த நீலக் கோடு சும்மா ஏறவில்லை என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை தாய்மார்களைச் சாகவிடாமல் பிடித்து இழுத்திருக்கிறாள்! பிரசவ வார்டுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், பெரிய சிஸ்டர்தான் போய் வாங்கினாள். அழகாக அச்சிட்ட சிறு புத்தகமும் ஆளுக்கொன்று தந்தார்கள். அதில் வார்டின் படம் இருந்தது, ஓரத்தில் பெரியவளும் இருந்தாள்.

தங்கையிடம் காட்டாமல் இருப்பாளா? அடுத்த விடுமுறைக்கே புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிவிட்டாள்.

சின்னவள் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். புடவை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாதம் நிறைந்துகொண்டிருந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இதென்ன பெரியம்மா ரெண்டு கோடு?"

பெரியவள் உற்சாகமாக விளக்கினாள். நீலம் எங்கள் நாடு, சாம்பல் இந்தப் பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்தது. எங்கள் ஆட்கள் கூடுதலாக இத்தனை வருடம் வாழ்கிறார்கள், பிரசவத்தில் சாவு இவ்வளவு குறைவு என்று வார்டில் புது நர்ஸ்களுக்குச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போனாள்.

சின்னவள் சாம்பல் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "இதுல நான் இருக்கேனா?"

பெரியவள் பக்கத்தைத் திருப்பப் பார்த்தாள். சின்னவள் விரலை எடுக்கவில்லை.

"சொல்லுக்கா. இது நாங்கதானே? செத்துப்போன என் பிள்ளைங்களும் இதுக்குள்ளதானே இருக்காங்க?"

"அப்படி இல்லம்மா. இது பொதுவா ஒரு கணக்கு..."

"அம்மாவும் இதுலதான் இருப்பா" என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "எங்களக் கீழ வெச்சு அளந்துதான் உங்க ஊருக்குக் கை தட்டினாங்களா? நீயும் தட்டினியா?"

 

பேச்சை மாற்றுகிறேன் என்று பெரியவள் செய்ததுதான் பெரிய தப்பு. "அதெல்லாம் விடு. பிரசவத்துக்குப் பொண்ண என்னோட அனுப்பு. எங்க ஆஸ்பத்திரியிலேயே பாத்துக்கலாம். இங்க இருக்கறத நம்பி உக்காந்திருக்க முடியாது" என்றாள்.

சின்னவள் புத்தகத்தை மூடி அக்காவின் மடியில் வைத்தாள். "என் பொண்ணு இங்கேயே பெத்துக்குவா. ஒவ்வொரு தடவையும் நீ வந்துட்டுப் போனா என் வீடு கொஞ்சம் சின்னதாப் போயிடுதுக்கா. உனக்கு அது தெரியாது. இன்னும் சின்னதாக இதுல இடம் இல்ல."

பெரியவள் திரும்பி வந்தாள். இரண்டு வாரம் போன் இல்லை.  பிரசவ நாள் நெருங்க நெருங்க அவள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த முறை ஒரே ஒரு துணிப்பையோடு பாலத்தைத் தாண்டினாள்.

வாசலில் நின்ற தங்கையிடம், "நான் பெரிய சிஸ்டரா வரல. பெரியம்மாவா வந்திருக்கேன். பாய் விரிக்க இடமிருந்தா சொல்லு" என்றாள்.

சின்னவள் வழியை விட்டு நகர்ந்து நின்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு நர்ஸ். வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசுவதால் ஊரில் அவளுக்குத் தந்தி என்று பெயர். இரண்டு அறை, இரண்டு கட்டில், ஒரு பழைய ஃபிரிட்ஜ். சுவரெல்லாம் வெள்ளையடித்து, தரை பளிச்சென்று இருந்தது. பெரியவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடினாள், கிடைக்கவில்லை. தந்தியின் கைவேலை தன் கைவேலைக்குக் குறைந்ததல்ல என்பது பார்த்த சற்று நேரத்திலேயே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை வலி எடுத்தது. மதியத்துக்குள் பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டதும் வெளியே சின்னவளின் புருஷன் அக்கடா என்று படியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்காமல் போனது.

தந்தி ஊசி போட்டாள். வயிற்றைத் தேய்த்தாள். ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு ஊசி. அப்போதும் நிற்கவில்லை. இரண்டு நர்ஸ்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஊசி?" என்றாள் பெரியவள்.

"கெட்டுருக்கும். கரண்ட் இல்ல. நாலஞ்சு நாளா." தந்தியின் கண்கள் ஃபிரிட்ஜின் பக்கம் போய்த் திரும்பின. "எழுதிப் போட்டேன். வரல."

குளிரில் வைக்க வேண்டிய மருந்து. சூட்டில் கிடந்தால் ஊசிக்குள் இருப்பது வெறும் தண்ணீர்தான். பெரியவளின் வார்டில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும், அந்த ஊசியைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

பெரியவள் ஒரு கையை உள்ளே கொடுத்து, மறு கையை வயிற்றின் மேல் வைத்து, கருப்பையை இரண்டுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்தாள். பிடியை விட்டால் உயிர் போய்விடும். சின்னவளின் புருஷன் ஓடிப் போய்ச் சூளையின் சரக்கு வண்டியைக் கூட்டி வந்தார். தந்தியால் உடன் வர முடியவில்லை, அடுத்த கட்டிலில் இன்னொருத்தி வலியில் இருந்தாள். குளுக்கோஸ் பாட்டிலைச் சின்னவள் கையில் கொடுத்து, "மேல புடி. இறக்காத" என்றாள் தந்தி. வண்டியின் பின்தட்டில், செங்கல் தூசியில், மகளின் தலைமாட்டில் சின்னவள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால்மாட்டில் பெரியவள் பிடித்த பிடியோடு மண்டியிட்டிருந்தாள். குழந்தை அதன் தாத்தா மடியில்.

"அக்கா, கண்ண மூடறா!"

"பேசு. விடாமப் பேசு அவகிட்ட. திட்டு. என்ன வேணா சொல்லு!"

சின்னவள் மகளைத் திட்டினாள். சின்ன வயதில் அவள் செய்த அட்டூழியங்களை எல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினாள். கண்ணீர் பாட்டுக்கு ஓடியது, வாய் பாட்டுக்குத் திட்டியது. பாலத்துச் சாவடியில் காவலர் பின்தட்டை எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடுப்புக் கட்டையைத் தானே ஓடிப் போய்த் தூக்கினார்.

தந்தி போன் பண்ணிச் சொல்லியிருந்ததால், ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஆட்கள் காத்திருந்தார்கள். பெரியவளின் கையைப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுக்க இன்னொரு நர்ஸ் உதவ வேண்டியிருந்தது, விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அந்த வகை ரத்தம் இருப்பில் ஒரு பாட்டில்தான். சின்னவள் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு போய் நின்றாள்.

ரத்தப் பரிசோதனைக்காரர் இரண்டு பேரின் விரலையும் குத்தினார். இரண்டும் அந்த வகைதான், ஒரே தாயின் ரத்தம். ஆனால் சின்னவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. உங்க ரத்தம் ரொம்பக் கம்மி. உங்களுக்கே ஏத்தணும் போல இருக்கு."

"இல்ல, எடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாத்தான் இருக்கேன்."

"எடுக்கக் கூடாதும்மா."

சின்னவள் நீட்டிய கையை மடக்கவில்லை. "என் பொண்ணுக்குக் குடுக்க என் உடம்புல ரத்தம்கூடவா இல்ல?" என்றாள். அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கே யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரியவள் பக்கத்துப் படுக்கையில் படுத்தாள். "உங்களுக்கும் களைப்பு, வயசும் ஆச்சு சிஸ்டர்" என்று டாக்டர் இழுத்தார். "நேரத்த வீணாக்காதீங்க" என்றாள். அவளுடைய ரத்தம் போனது. பிறகு வார்டுப் பணியாளர் ஒருவருடையதும், பார்வையாளராக வந்த யாரோ ஒருவருடையதும் போயின. பொழுது சாய்வதற்குள், பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

வார்டு வராந்தாவில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 

"அந்த ஊசி மட்டும் குளுந்து இருந்திருந்தா?" என்று கேட்டாள் சின்னவள்.

"அங்கேயே நின்னிருக்கும். தந்தியே காப்பாத்தியிருப்பா. நான் தேவையே இல்ல."

"அம்மாவுக்கும் இதே மாதிரிதான் ஆச்சா?"

"எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும், ஆமா."

சின்னவள் சற்று யோசித்தாள். "சட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னேனாமே அன்னிக்கு. அப்பா சொல்வாரு. நான் விட்டிருந்தா நீ அங்க, நான் இங்க." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை.

பெரியவள் அழுதது அப்போதுதான். கூட்டத்தில் கை தட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சின்னவள் விடவில்லை. "தட்டினா என்ன. நீ உழைச்சது. தட்டு. ஆனா எங்களுக்கும் அது வேணும்கா. பாவம்னு யாரும் தர வேணாம். எங்க ஆளுங்களே தரணும்."

சொன்னதோடு நிற்கவில்லை அவள். பேத்திக்குத் தலை நின்றதும் அந்தக் கரை நாட்டின் சுகாதார அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். தந்தி ஏற்கெனவே எழுதிப் போட்டவை எங்கே என்று கேட்டாள். இன்று வா நாளை வா என்றார்கள். ஒருநாள் குழந்தையோடு அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ அம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம் போனதாலதான் உயிரோட இருக்கா. இவ பிரசவத்துக்கும் அங்கதான் போகணுமா? பதில் சொல்லுங்க, எந்திரிச்சுப் போறேன்" என்றாள். அடுத்த நாள் ஊர்ப் பெண்கள் இன்னும் சிலர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சூரிய ஒளியில் ஓடும் ஃபிரிட்ஜ் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று தந்தி வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேசினாள் என்று ஊரே சொல்லிச் சிரித்தது.

பெரியவள் ஓய்வு பெற்றதும் அந்தக் கரைக்கே போய்விட்டாள். மகன் கோபித்துக்கொண்டான். எல்லோரும் இங்கே வரத் துடிக்கிறார்கள், நீ அங்கே போகிறாயா என்று கேட்டான். "என் பாதி அங்கதான் இருக்குடா" என்றாள். சுகாதார நிலையத்தில் தந்திதான் பொறுப்பு. பெரியவள் அவளுக்குக் கீழே உதவிக்கு நின்றாள். முதல் மாதம் பழக்க தோஷத்தில், "எங்க ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பிப்பாள். தந்தி திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை ஒன்றே போதும், வாக்கியம் பாதியில் நிற்கும்.

அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் ஆறு வருடம் இருந்தார்கள். குழந்தையாக இருந்தபோது சேர்ந்து இருந்ததைவிட அது அதிகம். தினமும் சண்டை போட்டார்கள். சத்து மாத்திரையைச் சின்னவள் விழுங்கினாளா, துப்பினாளா என்பதுதான் முக்கால்வாசிச் சண்டை. அவள் உடம்பில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. ஆனால் அத்தனை வருடத்து இழப்பை மாத்திரையால் ஈடுகட்ட முடியுமா? ஒரு காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். பக்கவாதம். பெரியவள் ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். செய்யத் தெரிந்ததை எல்லாம் செய்தாள். பாலத்தை எட்டுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. மூன்று வயது இளையவள் முதலில் போனாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலருக்கு இறந்தவள் தங்கை என்று நம்ப முடியவில்லை. பெரியவள் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னாள். தங்கச்சிதான். என்னைவிடச் சின்னவ.

மகன் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை. இரண்டு வாரம் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் தந்தி வாசலில் வந்து நின்றாள். "ரெட்டைப் பிள்ள. தனியா முடியாது" என்றாள்.

பெரியவள் எழுந்து முகம் கழுவினாள். சமையலறையில் தங்கை புருஷன் கரண்டியோடு திண்டாடிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கொதிச்சுதா தம்பி?"

"குமிழி வந்துச்சு அண்ணி."

"குமிழி பத்தாது. நல்லாத் தளதளன்னு கொதிக்கணும். நான் வர்றதுக்குள்ள எறக்கினீங்க, தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டு, தந்தியின் பின்னால் வேகமாக நடந்தாள்.